ஆறாத இரும்பு

இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

சுடவில்லை. காய்ச்சல் இறங்கிக்கொண்டிருக்கும் உடம்பைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி, தோலுக்கு அடியில் எங்கேயோ ஒரு சூடு பதுங்கியிருப்பதுபோல. அந்தக் கறுப்பு ரயில் இன்ஜினின் விலாவில் வேறு யார் கைவைத்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் கொதிகலன் ஆய்வாளர். பதினெட்டு வருஷமாக ஆலை ஆலையாகப் போய், அணைத்துவைத்த கொதிகலனுக்குள் ஆள் இறங்கலாமா கூடாதா என்பதைப் புறங்கையை வைத்தே சொல்லிவிடுகிறவள். இந்த இன்ஜினுக்குள் ஓர் ஆளை இறக்குவதற்கு அவள் கையெழுத்துப் போட மாட்டாள்.

பக்கத்தில் நின்ற பச்சை இன்ஜினைத் தொட்டுப் பார்த்தாள். கிணற்றுக் கல்லைப்போல ஜில்லென்றிருந்தது.

"என்னங்க, இங்க வாங்க. இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

கணவன் வந்தான். பெண்களுக்கான தையல்கடை வைத்திருக்கிறவன். துணியை விரலால் நிமிண்டி விலை சொல்லும் அதே தோரணையில் இரும்பைத் தடவினான். வாயில் இருமல் மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது.

"நல்லா வழவழன்னு இருக்கு."

"சூடா இல்ல?"

"ஞாயித்துக்கிழமையும் ட்யூட்டியா, ஆபீசரம்மா? இது உன் ஆலை இல்ல. இங்க யாரும் உன்கிட்ட கையெழுத்து கேக்க மாட்டாங்க. நிம்மதியா இரு."

அவள் சிரித்துவைத்தாள். இந்த ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி அவன் கேட்க ஆரம்பித்து நாலு வருஷம். ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்கு ஏதாவது ஓர் ஆலை குறுக்கே வந்தது. இன்றைக்கு மகளைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு, ஆறு மணிக்கு வந்து அழைத்துக்கொள்வதாகச் சொல்லி, ஒருவழியாக வந்துவிட்டார்கள். வந்ததிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவதுபோல ஒவ்வொரு இன்ஜினையும் காட்டினான்: இது மலைக்கு ஏறினது, இது போரில் படைகளை இழுத்தது, இதற்கு மூக்கு கொஞ்சம் நீளம்.

ஒரு காலத்தில் பழுதுபார்க்கும் பணிமனையாக இருந்த நீண்ட தகரக் கொட்டகை அது. ஏழு இன்ஜின்கள், ஒன்றன் பின் ஒன்றாக, துடைத்து மெழுகப்பட்டு நின்றன. காலையிலிருந்து விடாத மழை கூரைமேல் இரைந்துகொண்டிருந்தது. உயரத்தில் இருந்த கண்ணாடிகளில் பல வருஷத்துக் கரி படிந்து, பிற்பகல் நாலரை மணி வெளிச்சம் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இறங்கியது. எண்ணெய், துரு, நனைந்த சணல் சாக்கு வாடை. அதற்கும் கீழே, அவள் மூக்குக்கு மட்டும் பிடிபட்ட இன்னொன்று: இப்போதுதான் அணைத்த நிலக்கரியின் கந்தக நெடி.

நாலாவதாக நின்ற அந்தக் கறுப்பு இன்ஜினுக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை இருந்தது. கடைசியாக நெருப்பு மூட்டியது முப்பத்தெட்டு வருஷங்களுக்கு முன்பு என்றும், பார்வையாளர்களின் பாதுகாப்புக்காக உலைக்கதவு வெல்டிங்கால் பற்றவைத்து மூடப்பட்டிருக்கிறது என்றும் எழுதியிருந்தது. அவள் இரண்டு தடவை படித்தாள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

டிங்.

கூரையிலிருந்து சொட்டு விழுகிறது என்று முதலில் நினைத்தாள்.

டிங். ஓர் இடைவெளி. டிங்.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். கொதிகலனின் உலைச் சுவரை நூற்றுக்கணக்கான போல்ட்டுகள் தாங்கிப் பிடித்திருக்கும். ஆய்வு நாளில் அவள் உலைக்குள்ளே தவழ்ந்து போய்க் குந்தியபடி, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டுவாள். நல்ல போல்ட் மணிமாதிரிப் பேசும். உள்ளே முறிந்துபோனது தொண்டை கட்டியவன்மாதிரிப் பேசும். தட்ட வேண்டும், நிறுத்திக் கேட்க வேண்டும், அடுத்ததுக்குப் போக வேண்டும். இப்போது யாரோ அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். இன்ஜினுக்கு உள்ளே உட்கார்ந்து, வரிசை பிசகாமல், பொறுமையாக.

"பழுதுபார்க்க ஆள் விட்டிருக்காங்க போல" என்றாள். தன் குரல் தனக்கே நம்பிக்கையாக இல்லை. "நான் போய் அந்தக் காவல்காரரைக் கேட்டுட்டு வரேன். நீங்க இங்கயே இருங்க."

"கேளு, கேளு. நான் அதுக்குள்ள மேல ஏறி டிரைவர் சீட்ல ஒரு தடவை உட்கார்ந்துக்கறேன்."

காவல்காரர் கொட்டகை வாசலில் முக்காலி போட்டு அமர்ந்திருந்தார். கம்பளிச் சட்டை, மடியில் சாவிக்கொத்து. மழையையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவள் பேசியபோதும் திரும்பவில்லை.

"ஐயா, நாலாவது இன்ஜின்ல வேலை நடக்குதா?"

"ஞாயித்துக்கிழமை என்ன வேலைம்மா."

"உள்ள யாரோ தட்டுறாங்க."

அவர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "குளிருக்கு இரும்பு சுருங்கும். அந்தச் சத்தம்."

"நான் கொதிகலன் ஆய்வாளர். சுருங்குற சத்தம் எனக்குத் தெரியும். இது வரிசையா வருது."

இப்போது திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால், கொட்டகையின் நீளத்தைப் பார்த்தார். "கூட வந்தவர் எங்க?"

"மேல ஏறி உட்கார்ந்திருக்காரு."

"விளையாட்டுப் பேர்வழியா?"

அந்தக் கேள்வி அவளுக்கு விளங்கவில்லை. விளங்குவதற்குள் மழையின் இரைச்சலைத் தாண்டி அது வந்தது. டிங். இடைவெளி. டிங். இடைவெளி. அதற்குப் பதில் தருகிற வேறொரு சத்தம், லேசாக, உற்சாகமாக, கையிலிருந்த சாவியால் தகரத்தைத் தட்டுவதுபோல: டக், டக்.

காவல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நொடியில்தான் அவளுக்குப் புத்தியில் உறைத்தது. உள்ளே தட்டியது போல்ட்டைச் சோதிக்கவில்லை. அந்த இடைவெளி கேட்பதற்கான இடைவெளிதான். ஆனால் இரும்பு சொல்வதைக் கேட்பதற்கு இல்லை. வெளியிலிருந்து யாராவது பதில் தட்டுகிறார்களா என்று கேட்பதற்கு.

ஓடினாள். இன்ஜின்களின் சக்கரங்கள் அவளைவிட உயரமாகப் பக்கத்தில் ஓடின. நாலாவதின் படியில் கால் வைத்தாள். கைப்பிடி சுட்டது. உண்மையாகவே சுட்டது.

மேலே யாருமில்லை.

ஓட்டுநரின் மர இருக்கை. அதன்மேல் அவன் கழற்றிவைத்த மூக்குக்கண்ணாடி. அவன் அதில்லாமல் பத்தடி போக மாட்டான். எதிரே உலைக்கதவு. அதன் விளிம்பைச் சுற்றி, பற்றவைத்த தழும்பு புழுவைப்போல நெளிந்து, எங்கும் விடுபடாமல், வண்ணம் பூசப்பட்டு, தூசி படிந்து, பல வருஷமாக அப்படியே. அழுத்தம் காட்டும் வட்டக் கண்ணாடிக்குள் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

படுத்திருந்த முள் எழுந்தது. ஒரு மயிரிழை.

"என்னங்க?"

கதவின் நடுவில், நெருப்பைப் பார்ப்பதற்கென்று சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. குனிந்து கண்ணை வைத்தாள். இருட்டு. அடர்த்தியான, ஈரமான இருட்டு. அதிலிருந்து ஒரு மூச்சு அவள் கண்ணில் பட்டது. வெதுவெதுப்பாக. இருமல் மிட்டாய் வாசனையோடு.

"ஆபீசரம்மா" என்றது அவன் குரல், மிக அருகிலிருந்து, மிகவும் குழம்பிப்போய். "விளக்கை யாரு அணைச்சது?"

அவள் கத்தியதைக் கேட்டுக் காவல்காரர் வந்தார். ஓடி வரவில்லை. படிக்குக் கீழே நின்று, வாசல் பக்கமாகக் கையை நீட்டினார்.

வாசலில், மழையின் வெளிச்சத்துக்கு எதிராக, அவள் கணவன் நின்றிருந்தான். அதே கோடுபோட்ட சட்டை. அதே கூன். முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளங்கையை மழையில் நீட்டி, சொட்டுகள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையில் விழுந்த சொட்டுகள் ஆவியாகி எழுந்தன.

"என்னங்க!"

திரும்பினான். அவன் முகம்தான். மூக்கில் கண்ணாடி பதிந்த தடம்கூட இருந்தது. ஆனால் அவன் அவளைப் பார்த்த பார்வையில் பதினாலு வருஷக் குடித்தனம் இல்லை, அறிமுகமே இல்லை. பேருந்தில் இடம் கொடுத்த ஒருத்தியைப் பார்ப்பதுபோல மரியாதையாகத் தலையை ஆட்டினான்.

"ரொம்ப நன்றிம்மா" என்றான். "அவர்கிட்டயும் சொல்லிடுங்க."

பிறகு மழைக்குள் இறங்கி, புல் முளைத்த பழைய தண்டவாளத்தோடு நடந்தான். முதல் அடிகள் தள்ளாடின, ரொம்ப நாள் மடங்கிக் கிடந்த கால்களைப்போல. அப்புறம் வேகமானான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரு அது?"

"தெரியாதும்மா. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி உள்ள போனவரா இருக்கும்."

"கதவை உடைங்க. வெட்டுற மிஷின் இருக்கா? யாரையாவது கூப்பிடுங்க!"

"ஒரு தடவை வெட்டிப் பார்த்தாங்க. உள்ள ஒண்ணுமே இல்ல. கூட்டிப் பெருக்கின மாதிரி சுத்தம். மறுபடி வெல்டிங் வச்சு மூடின அன்னைக்கு ராத்திரியே சத்தம் ஆரம்பிச்சிடுச்சு." அவர் குரலில் கொடுமை இல்லை. அலுப்புதான் இருந்தது. "தட்டாதீங்கன்னு போர்டும் வச்சோம். வச்ச அன்னைக்கே மூணு பேர் தட்ட வந்தாங்க. எடுத்துட்டோம்."

கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ உரசியது. கை. சுவரைத் தடவித் தடவி மூலையைத் தேடும் கை.

"இப்ப நான் பதில் தட்டினா?"

"அவர் வெளிய வருவாரு."

"நான்?"

அவர் சாவிக்கொத்தைப் பார்த்தார். "அஞ்சரைக்கு நான் வெளிக்கதவைப் பூட்டணும். அதுவரைக்கும் வாசல்ல உட்கார்ந்திருப்பேன். யாரு வெளிய வந்தாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." நடந்து போய்விட்டார்.

அவள் தனியாக நின்றாள். மகளை அழைத்துவர ஆறு மணிக்கு யாராவது ஒருத்தர் போக வேண்டும். தலை பின்னிவிடுவது அவன். பரீட்சைக்கு முந்தின நாள் கூட விழித்திருப்பது அவன். அவள் இல்லாமல் அந்த வீடு நடந்திருக்கிறது, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். அவன் இல்லாமல் ஒருநாளும் நடந்ததில்லை. கணக்குப் போட ஒன்றுமே இருக்கவில்லை.

டிங்.

அவன்தான். தயங்கித் தயங்கி, கையில் என்ன கிடைத்ததோ அதைக்கொண்டு.

"இருங்க" என்றாள் ஓட்டையில் வாயை வைத்து. "நான் இருக்கேன். பயப்படாதீங்க." விரல்களை மடக்கினாள். கையை உயர்த்தினாள்.

டிங்.

இது பின்னாலிருந்து வந்தது.

திரும்பினாள். பச்சை இன்ஜின். ஜில்லென்றிருந்த பச்சை இன்ஜின்.

"ஆபீசரம்மா" என்றது அது, அவன் குரலில். "அங்க இல்ல. நான் இங்க."

"அதைக் கேக்காதே" என்றது அவள் கைக்கு நேரெதிரே இருந்த கதவு. "நான்தான் இது. தட்டு."

"தட்டாதே." முதல் இன்ஜின். அழுதுகொண்டிருந்தது. "போயிடு. பாப்பாவைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ."

கொட்டகையின் கோடியிலிருந்து ஒரு சிரிப்பு. அவனுடைய சிரிப்பேதான், வாய்க்குள் மிட்டாய் உருளும் சத்தத்தோடு. "ஞாயித்துக்கிழமையும் ட்யூட்டியா?"

டிங். டிங். டிங். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். ஒவ்வொரு தட்டலும் ஒரே மாதிரி. மணிமாதிரி. குறையே இல்லாமல். பதினெட்டு வருஷமாக இரும்பின் பொய்யைக் கண்டுபிடித்த காது. அந்தக் காதாலும் இப்போது பிரித்தறிய முடியவில்லை. ஒன்றில் அவன் இருந்தான். மற்ற ஆறில் என்ன இருந்தது, எத்தனை வருஷமாக, யாருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு மழையில் நடக்க.

அவள் படியிறங்கி நடைபாதையின் நடுவில் வந்து நின்றாள். மடக்கிய விரல்கள் உயர்ந்தபடியே இருந்தன. வாசலில் முக்காலி நகரும் ஓசை கேட்டது. மேலே கண்ணாடிகள் கறுத்துக்கொண்டு வந்தன.

ஏழு இன்ஜின்களும் ஒரே சமயத்தில் தட்டுவதை நிறுத்தின.

ஏழும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தன.