ஆட்டுக்குட்டி தின்ற புத்தாண்டு

பரஸ்து கூடத்துக் கதவைத் திறந்தாள். திறந்த வாயை மூட மறந்து அப்படியே நின்றாள்.

கம்பளத்தின் மேல் அவள் விரித்திருந்த வெள்ளைத் துணியில் ஓர் ஆட்டுக்குட்டி நின்றுகொண்டிருந்தது. அதன் மூக்கும் வாயும் சிவப்புச் சிவப்பாக இருந்தன.

“மாமா! ரத்தம்! குட்டி வாயெல்லாம் ரத்தம்!”

சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கோத்ரத் மாமா துள்ளி எழுந்தார். “எங்கே? யாருக்கு? நிலநடுக்கமா?”

ஆட்டுக்குட்டியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. குனிந்து அதன் மூக்கை விரலால் தொட்டார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“ரத்தமில்ல கண்ணு. இது சோமாக். கபாப் மேல தூவுற புளிப்புப் பொடி.”

குட்டி பலமாகத் தும்மியது. மிச்சமிருந்த பொடியும் கம்பளம் முழுக்கப் பறந்தது.

அப்போதுதான் மற்றவையும் பரஸ்துவின் கண்ணில் பட்டன. பன்னிரண்டு நாள் தண்ணீர் தெளித்து அவள் வளர்த்த கோதுமைப் பயிர் வேரோடு போயிருந்தது. ஆப்பிள் இல்லை. உலர்ந்த செஞ்ஜெத் பழங்கள் இல்லை. சமனூ களி வைத்த கிண்ணம் கழுவி வைத்ததுபோலப் பளபளத்தது. வினிகர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. குட்டி தொடாதது பூண்டு ஒன்றுதான்.

மீன் தொட்டியில் பாதித் தண்ணீர்கூட இல்லை. அதையும் குடித்திருக்கிறது! தங்கமீன் அடியில் சுற்றிச் சுற்றித் தவித்தது. பரஸ்து ஓடிப்போய் வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினாள்.

புது வருஷம் பிறக்க இன்னும் ஐம்பது நிமிடம்தான் இருந்தது. சூரியன் நடுக்கோட்டைக் கடக்கும் நொடியில், காலை பதினொன்று முப்பத்தாறுக்குப் பிறக்கிறது.

அதற்குள் அம்மா வந்துவிடுவாள். இருபத்து மூன்று நாளாக அம்மா வீட்டில் இல்லை. தம்பி நாள் நிறையும் முன்னாலேயே பிறந்துவிட்டான். இஸ்பஹான் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இன்றைக்குத்தான் விட்டார்கள். விடிந்ததும் அப்பா கார் எடுத்துக்கொண்டு அழைத்துவரப் போயிருந்தார். மாமா மலைக் கிராமத்திலிருந்து நேற்றே வந்துவிட்டார், தம்பிக்குப் பரிசாக இந்த ஆட்டுக்குட்டியோடு.

“எல்லாம் நானே வைக்கிறேம்மா. நீங்க வந்து உக்காந்தா போதும்” என்று பரஸ்து தொலைபேசியில் சொல்லியிருந்தாள். புத்தாண்டுத் துணியில் ஏழு பொருள் இருக்க வேண்டும், பாரசீக மொழியில் ஏழின் பெயரும் ‘ச’வில் தொடங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அம்மாவுக்கு மனசு ஆறாது.

“பால்கனியில கட்டித்தானே வச்சிருந்தீங்க?”

மாமா பால்கனிக்குப் போய் ஒரு துண்டுக் கயிற்றோடு திரும்பி வந்தார். “கயித்தையும் தின்னிருக்கு.”

அவருடைய பெரிய மீசை துடித்தது. “எல்லாம் என்னாலதான். அக்கா எத்தனை நாள் கழிச்சு வீட்டுக்கு வருது! வாடா இங்கே, உன்னை இப்பவே அறுத்துக் குழம்பு வச்சுடுறேன்!”

“ஐயோ மாமா!” பரஸ்து பாய்ந்து குட்டியைக் கட்டிக்கொண்டாள். குட்டி அவளுடைய புதுச் சட்டையின் பொத்தானைச் சப்பியது. “அதுக்கு என்ன தெரியும்? பச்சையா இருந்துச்சு, தின்னுடுச்சு. தம்பியோட ஆடு இது. தம்பி வீட்டுக்கு வர்ற நாள்லயா அறுப்பீங்க?”

மாமா தலை குனிந்தார். பிறகு, “கடைக்கு ஓடட்டுமா?” என்றார்.

“கடையெல்லாம் மூடியாச்சு.”

“பக்கத்து வீடு?”

“எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. இந்த மாடியில நாம மட்டும்தான்.”

பரஸ்துவுக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுவதற்கு நேரமில்லை. குட்டியைக் குளியலறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். துணியை உதறி, கறை படிந்த பக்கம் அடியில் போகும்படி திருப்பி விரித்தாள். கண்ணாடியையும் இரண்டு மெழுகுவத்தியையும் வைத்தாள். சமையலறையில் பாட்டிலின் அடியில் வினிகர் கொஞ்சம் இருந்தது.

“‘சீர்’, பூண்டு ஒண்ணு. ‘செர்கே’, வினிகர் ரெண்டு. இன்னும் அஞ்சு வேணும்.”

“தின்னுற பொருளா ‘ச’வில வேற ஒண்ணும் இந்த வீட்டுல இல்லையே கண்ணு” என்றார் மாமா.

பரஸ்து சட்டென்று நிமிர்ந்தாள். “தின்னுற பொருளாத்தான் இருக்கணும்னு யார் சொன்னா? ‘ச’வில தொடங்கணும். அவ்வளவுதானே?”

மாமாவின் கண்கள் அகன்றன. பரஸ்து வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தாள்.

“சமோவர்!”

“அது கொதிச்சுக்கிட்டு இருக்கே!”

“இருக்கட்டும், மெதுவா தூக்குங்க.”

மாமா தேநீருக்கு வெந்நீர் வைக்கும் பித்தளைச் சமோவரை உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டே தூக்கி வந்து வைத்தார். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஓர் ஊசி வந்தது. பாரசீகத்தில் ஊசிக்கு ‘சூஸன்’ என்று பெயர். சுவரிலிருந்து கடிகாரம் இறங்கியது. அது ‘சாஅத்’. பூந்தொட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கழுவிய ஒரு கூழாங்கல் வந்தது. கல் என்றால் ‘சங்’.

“ஆறு!” என்றாள் பரஸ்து. கடிகாரம் பதினொன்று முப்பது காட்டியது. “மாமா, இன்னும் ஒண்ணு! யோசிங்க!”

மாமா யோசித்தார். மெல்ல மீசையைத் தடவினார். தடவிய கை அப்படியே நின்றது.

“மீசை... சிபீல்” என்றார், கம்மிய குரலில். “அதுவும் ‘ச’தான். கத்தரிக்கோல் எடுத்துட்டு வா கண்ணு. தப்பு பண்ணது நான்தானே.”

பரஸ்து திகைத்துப்போனாள். பதினெட்டு வருஷ மீசை அது! மாமா அதற்கென்று தனிச் சீப்பே வைத்திருந்தார்.

“வேணாம் மாமா! மீசை இல்லாம உங்களைப் பார்த்தா அம்மா திருடன்னு நினைச்சுக் கத்திடுவாங்க!”

அதற்குள் அழைப்பு மணி அடித்தது.

அப்பா பைகளோடு நின்றார். அம்மா இளைத்துப் போயிருந்தாள். அவள் கையில் ஒரு கம்பளிப் பொதி. அதற்குள் பரஸ்துவின் உள்ளங்கை அளவுக்கு ஒரு முகம். இவ்வளவு சின்னதாகக்கூட ஒரு மனிதன் இருப்பானா?

அம்மா கூடத்துக்குள் வந்தாள். துணியைப் பார்த்தாள். சமோவர், ஊசி, கடிகாரம், கல். அவள் புருவம் மேலே ஏறியது, இறங்கவே இல்லை.

“என்னடி இது?”

“குட்டி தின்னுடுச்சும்மா. மாமா மேல தப்பில்ல, களைச்சுப்போய்த் தூங்கிட்டார். நானும் தலை பின்னிக்கிட்டு இருந்தேன். நான் தேடினேன், தேடினேன்... ஆறுதாம்மா கிடைச்சுது.”

அம்மா ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லி எண்ணினாள். ஆறாவதுக்கு வந்ததும் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் முகம் மலர்ந்தது.

அம்மா மண்டியிட்டு, கம்பளிப் பொதியைக் கண்ணாடியின் பக்கத்தில் மெல்லக் கிடத்தினாள்.

“ஏழு” என்றாள். “வர்ற வழியிலதான் பேர் முடிவு பண்ணோம். உன் தம்பி பேரு சொரூஷ்.”

“‘ச’!” என்று கத்தினார் மாமா. “அக்கா, என் மீசை தப்பிச்சுது!”

தொலைக்காட்சியில் புத்தாண்டுப் பீரங்கி முழங்கியது. புது வருஷம் பிறந்துவிட்டது.

அந்தச் சத்தத்தில் தம்பி திடுக்கிட்டான். கை கால்களை உதறினான். வாயைத் திறந்து வீறிட்டு அழுதான். ஜன்னல் கண்ணாடி அதிரும்படி ஓர் அழுகை! பரஸ்து காதைப் பொத்திக்கொண்டாள். மாமா இரண்டடி பின்னால் போனார்.

“ஆஸ்பத்திரியில முனகத்தானே செஞ்சான்!” அப்பா வாய் பிளந்தார். “இந்தக் குரலை இவ்வளவு நாள் எங்கே வச்சிருந்தான்?”

பரஸ்து பதறினாள். “தூக்குங்கம்மா, அழறானே!”

அம்மா தூக்கவில்லை. கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கவுமில்லை. சிரித்துக்கொண்டே மகளைத் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டாள்.

“கொஞ்ச நேரம் அழட்டும்டி. நான் நல்லாக் கேட்டுக்கறேன்.”