கையேட்டின் நாலாவது வரி

நிரோஷினியின் மூன்று பக்கங்கள் ஒரே தட்டலில் போய்விட்டன.

பீவர் என்னும் நீர்விலங்குகள் அணை கட்டுவதைப் பற்றிய கட்டுரை அது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டும்.

“அப்பா! உங்கடை புரோகிராம் என்ரை கட்டுரையை விழுங்கிப்போட்டுது!”

அவள் போட்ட சத்தம் டோர்செட் பார்க் அடுக்குமாடியின் பதினோராம் மாடி முழுவதும் கேட்டிருக்கும். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அப்பா சூசைதாசன் ஓடி வந்தார்.

அது 1998ஆம் ஆண்டு. கணினித் திரையில் சன்னல்களைத் திறந்து, மூடி, அடுக்கி வைக்கும் நிரல் ஒன்றை அப்பாவும் நண்பர்களும் எழுதிவந்தார்கள். யாரும் அதை இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம். புதிய பதிப்பு அன்று மாலையே வெளிவர இருந்தது.

“மனுவலை வாசிச்சனியோ?” என்று மேசையில் கிடந்த கையேட்டைக் காட்டினார் அப்பா.

“வாசிச்சுத்தானே அமத்தினன்! நாலாவது வரி. எஃப் ஒன்பதை அமத்தினால் சன்னல் ஒளியுமாம். ஒளியேல்லை. ஒரேயடியாப் போட்டுது!”

அப்பா கையேட்டைப் பார்த்தார். நிரலைப் பார்த்தார். காதைச் சொறிந்தார்.

“அந்தக் கீயைப் போன மாசம் மாத்தினது. இப்ப அது சன்னலை மூடிப்போடும்.”

“ஆர் மாத்தினது?”

“நான்தான்.”

“அப்ப மனுவலை ஏன் மாத்தேல்லை?”

“எழுதின எங்களுக்கு எல்லாம் தெரியும்தானே, பிள்ளை. நாங்கள் அதை வாசிக்கிறேல்லை.”

நிரோஷினிக்குக் காது சிவந்தது. “வாசிக்காத நீங்கள், வாசிச்ச என்னைப் பாத்து ‘வாசிச்சனியோ’ எண்டு கேக்கிறியள். நல்ல ஞாயம்!”

“சரி, சரி. அடுத்த பதிப்பிலை திருத்துவம்.”

“இண்டைக்குப் பிழையோடை வெளியிலை விட்டால் இண்டைக்கே இன்னொரு பிள்ளையின்ரை கட்டுரை போகும். இருங்கோ. நான் வாசிக்கிறன். நான் வாசிக்கிறதை மட்டும் செய்யுங்கோ.”

ஆறாவது வரியில் அப்பா மாட்டிக்கொண்டார். அவருடைய விரல் தானாக வேறொரு பொத்தானுக்குப் போனது.

“ஆ! உது மனுவலிலை இல்லை. கையை எடுங்கோ!”

அப்பா கையை எடுத்தார்.

மொத்தம் பன்னிரண்டு பிழைகள். ஒவ்வொன்றிலும் உண்மையில் என்ன நடந்தது என்று நிரோஷினி பென்சிலால் குறித்தாள். ஓரிடத்தில் கையேடு சரி, நிரல்தான் பிழை. அப்பா நிரலைத் திருத்தினார்.

தொலைபேசி அடித்தது. நிரோஷினி எடுத்தாள். பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து சீமோன் அங்கிள். நிரலில் பாதியை எழுதியவர் அவர்தான்.

“எங்கை பிள்ளை புதுப் பதிப்பு? உன்ரை அப்பர் நித்திரையோ?”

“மனுவலைத் திருத்துறம், அங்கிள். பன்னிரண்டு பிழை.”

“மனுவலோ! அதை ஆர் வாசிக்கினம்?”

“நான் வாசிக்கிறன்!” என்றாள் நிரோஷினி. “நீங்களும் நாலாவது வரியை ஒருக்காச் செய்து பாருங்கோ.”

“அதுக்கென்ன, இப்பவே செய்யிறன்.”

அவளுக்குத் தன் மூன்று பக்கங்களும் நினைவுக்கு வந்தன.

“பொறுங்கோ, அங்கிள்! முதலிலை உங்கடை வேலையைச் சேவ் பண்ணுங்கோ!”

மறுமுனையில் பொத்தான்கள் தட்டும் ஓசை கேட்டது. பிறகு, “எங்கை போட்டுது சன்னல்?” என்ற முணுமுணுப்பு.

“பிள்ளை,” என்றார் சீமோன் அங்கிள் மெல்லிய குரலில், “மற்றப் பதினொண்டையும் ஒருக்கா வாசியம்மா.”