மலையாளப் பக்கத்துப் படம்

அஞ்சலிப் பக்கத்தைத் தமிழில் திறந்தால் தவசித் தாத்தா, மலையாளத்தில் திறந்தால் வேறு ஆள். மாலை அதே, கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்கு மேல் எரியும் குத்துவிளக்கும் அதே. வட்டத்துக்குள் மட்டும் வருசநாட்டுக் கிழவருக்குப் பதிலாக நடுவயதுக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

முனீஸ்வரிக்கு அவரைத் தெரியும். பொன்னுராஜ். போன வாரம் தன் மகள் காதுகுத்து போர்டுக்குப் படம் கொடுத்தவர். கம்பத்தில் சுந்தர்ராஜ் நடத்தும் பிளெக்ஸ் கடையில் காதுகுத்து, பிறந்தநாள், சாவு என்று எல்லாப் படமும் கணினியில் ஒரே படப்பெட்டியில்தான் கிடக்கும். சொந்தபந்தம் மலைக்கு அந்தப்புறமும் இருப்பதால் சாவுச் செய்தியை இரண்டு மொழியிலும் போட ஓர் இணையதளம். அதை முனீஸ்வரி வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டாள். அதில் மொழி மாற்றும் துணைநிரலான பிளகினுக்கு ஒரு கெட்ட புத்தி. ஒரு பக்கத்துக்குப் படம் கிடைக்காவிட்டால், அடுத்து இருக்கும் படத்தை எடுத்து நிரப்பிவிடும்.

பொழுது மங்கிக்கொண்டிருந்தது. ஆடிக் காற்று தகரக் கூரையை நகத்தால் சுரண்டுவதுபோல் சுரண்டி, சன்னல் இடுக்கு வழியாகத் தோட்டத்து ஈரமண் வாடையையும் மேலே உலர்த்தும் ஸ்டோரில் காயும் ஏலக்காயின் நெடியையும் கொண்டுவந்து அறையில் கொட்டியது. உள்ளறையில் அவள் கணவன் வேல்பாண்டி கடலையைக் கொறித்தபடி, ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தொட்டில் கொக்கி கிரீச், கிரீச் என்றது.

"ஏய், செத்தவகளுக்குப் பவுடர் பூசி முடிச்சிட்டியா? உசுரோட இருக்கவனுக்குக் காப்பி எப்ப?"

"வருது. மாலையோட."

பிளகின்களை எல்லாம் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால்தான் எது கோளாறு என்று தெரியும். அதற்கு மாதிரிப் பக்கம் ஒன்று வேண்டும். உயிரோடிருப்பவர் படத்தை அஞ்சலி மாலைக்குள் விளையாட்டுக்கும் வைக்கக் கூடாது என்பது கடையில் எழுதாத சட்டம். ஒரு பூப்படத்தை வைத்துப் பார்ப்பார்கள். தொட்டிலில் தூங்கும் மகள் அனுஷ்காவின் பிறந்தநாள் போர்டுக்கு ஏற்றிய மூன்று படங்கள் வரிசையில் கடைசியாகக் கிடந்தன. அவன். குழந்தை. அவள். முனீஸ்வரி அவனை எடுத்து மாலைக்குள் போட்டாள். பொருத்தமாகத்தான் இருந்தது.

பிறகுதான் சுந்தர்ராஜுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, தவசித் தாத்தாவோட மலையாளப் பக்கத்துல பொன்னுராஜ் அண்ணன் படம் நிக்குது. பாத்தாகன்னா வெட்டிப்போடுவாக."

"அவுக எங்க பாக்க? மத்தியானம் மலைப்பாதையில அவுக போன ஜீப்பு உருண்டு போச்சுல்ல. இப்பத்தான் அவுக மச்சினன் வந்து அஞ்சலி போர்டுக்குச் சொல்லிட்டுப் போறாக. நீ முந்தியே ஏத்திட்டேன்னு நெனச்சேன், தாயி."

"அது காலையிலயே நின்னுச்சுண்ணே."

"அப்பச் சரியாத்தான் நிக்குது. விடு."

போனை வைத்தாள். மாதிரிப் பக்கத்தை மலையாளத்துக்கு மாற்றினாள். மாலை. விளக்கு. வேல்பாண்டி. தமிழ்ப் பக்கத்தில் மூடியிருந்த அவன் வாய் இதில் திறந்திருந்தது.

உள்ளறையில் சிரிப்பு நின்றிருந்தது.

தொண்டைக்குள் ஏதோ உரசும் சத்தம். கடலைத் தட்டு தரையில் விழுந்து உருண்டது. குதிகால் தரையை உதைத்தது, மறுபடி உதைத்தது.

அவள் எழுந்து ஓடவில்லை. அவன் படத்தை அழித்தாள். அடியோடு, திரும்ப எடுக்க முடியாதபடி.

ஒரு பெரிய இருமல். மூச்சு.

"தண்ணி," என்றான் வேல்பாண்டி. "ஏய், தண்ணி கொண்டா. கடலை அடைச்சு உசுரே போகப் பாத்துச்சு."

அவள் சிரித்தாள், அழுதாள். கொக்கி மறுபடி கிரீச்சிட்டது. திரையில் மாலைக்குள் வெற்று வட்டம் சுழன்றது. சுழன்று, நிரம்பியது.

அனுஷ்கா. பிறந்தநாள் கவுன்.

பிளகினை அணைத்தாள். படம் போகவில்லை. பக்கத்தை அழித்தாள். தமிழ்ப் பக்கம் போனது. மலையாளப் பக்கம் நின்றது. குழந்தையின் படத்தை அழித்தாள். படப்பெட்டியிலிருந்து போனது. மாலைக்குள் நின்றது.

வேறு படம் வைக்க வேண்டும். சீக்கிரம்.

படப்பெட்டியைத் திறந்தாள். மற்றவர்கள் எல்லாரும் மறைந்திருந்தார்கள். ஒரே ஒரு படம். அவளுடையது.

அழுத்தினால் போதும், மாலைக்குள் குழந்தைக்குப் பதில் அவள்.

விரல் பட்டனின் மேல் நின்றது. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. கொக்கி மெதுவாகியது. விரல் அங்கேயே நின்றது.

காற்று ஓங்கி அறைந்தது. கரண்ட் போனது. மேசையடியில் வைஃபை விளக்கு அணைந்தது. மடிக்கணினி மட்டும் எரிந்தது.

இப்போது அழுத்தினாள். அழுத்தினாள். சேமிக்கிறது என்று வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"முனீசு," இருட்டுக்குள்ளிருந்து வேல்பாண்டி கூப்பிட்டான். குரல் மெதுவாக இருந்தது. "இங்கன வா. பிள்ளை கை என்னமோ சில்லுனு இருக்கு."

திரை வெளிச்சத்தில், மாலைக்குள், அகல விழித்திருந்த அந்தச் சின்னக் கண்கள் மெல்ல மெல்ல மூடிக்கொண்டிருந்தன.