தடத்தின்மேல் தடம்

குதிகால் இரண்டாகப் பதிந்திருந்தது.

பகலில் பிளாஸ்டர் மூட்டைகளை இழுத்துச் சென்றபோது இரண்டு கிழிந்துவிட்டன. புதைபடிவங்களுக்குப் பிரதி வார்க்கும் அச்சுக்கூடத்திலிருந்து வாசல்வரை நீளும் நடைகூடமெங்கும் வெள்ளைப் பொடி ஒரு விரற்கடை கனத்துக்குக் கொட்டிக் கிடந்தது. காலையில் கூட்டிக்கொள்ளலாம் என்று வேலையாட்கள் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அச்சுகள் இருக்கும் இடத்தில் செருப்புக்கு அனுமதியில்லை. ஆகையால் அவள் வெறுங்காலோடுதான் வாசல் ஓரத்துக் குழாய்க்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினாள். போன தடம் ஒழுங்காக இருந்தது. வந்த தடத்தில்தான் கோளாறு. தன் ஒவ்வொரு குதிகாலையும் சுற்றி, அதைவிட அகலமான இன்னொரு குதிகாலின் விளிம்பு வளைந்து கிடப்பதை அவள் கண்டாள்.

வேறு யாராக இருந்தாலும் கால் வழுக்கியிருக்கும் என்று சொல்லிக் கடந்து போயிருப்பார்கள். அவளால் முடியவில்லை. காலடித் தடங்களின் முன் மண்டியிட்டே பாதி வாழ்வைக் கழித்தவள் அவள்.

அவள் அளந்துவந்த தடங்கள் அச்சுக்கூடத்தின் நடுவே, கல்லிலிருந்து வார்த்தெடுத்த பிரதியாகப் படுத்திருந்தன. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன், எரிமலைச் சாம்பல் மழையில் குழைந்து சேறாகிக் கிடந்த ஒரு வெளியை, இரண்டு கால்களில் நிமிர்ந்து நடக்கப் பழகிவிட்ட, ஆயினும் மனிதர் என்று இன்னும் சொல்லிவிட முடியாத சிலர் கடந்து போனார்கள். சேறு இறுகிக் கல்லாயிற்று. அதில் பெரிய பாதங்கள் ஒரு வரிசை. பக்கத்திலேயே ஒரு குழந்தையின் பாதங்கள். பாதி வழியில் குழந்தையின் தடம் நின்றுவிடுகிறது. அங்கிருந்து பெரிய தடம் ஆழமாகிறது.

களைத்த பிள்ளையைத் தாய் தூக்கிக்கொண்டாள் என்று எழுதினார் துறைத் தலைவர். அவர் அவளுடைய கணவர். செய்தித்தாள்கள் உருகின. இடுப்பில் பிள்ளையோடு நடக்கும் அந்த ஆதித் தாயின் படம் ஆளுயரத்துக்கு வாசலில் மாட்டப்பட்டது.

அவள் மட்டும் ஒப்பவில்லை. அந்தப் பெரிய தடம் ஒருவருடையது அன்று. உள்ளே ஒடுங்கிய பாதமுள்ள ஒரு பெண். அவள் அடிகளின்மேலேயே பிசகாமல் அடிவைத்துப் பின்தொடர்ந்த அகலப் பாதம் ஒன்று வெளியே. குழந்தையின் தடம் நின்றபிறகு ஆழமானது வெளித்தடம் மட்டுமே. உள்தடம் முன்போலவே, ஒருமுறைகூடத் திரும்பாமல், போய்க்கொண்டிருக்கிறது.

"தூக்கினது அம்மா இல்ல. பின்னாடி வந்தது," என்றாள் ஆய்வுக் கூட்டத்தில்.

"கல்லுலகூட ஒரு நல்ல அம்மாவ உன்னால பாக்க முடியலையா?" என்று கேட்டார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் வளர்ந்து வளர்ந்து வழக்காயிற்று. வேலையில் தலையைக் கொடுத்தால் பெற்ற பிள்ளையைத் திரும்பிப் பார்க்காதவள் என்பது அவர் வாதம். மகள் யாரிடம் வளர வேண்டும் என்பதை நீதிபதி திங்கட்கிழமை சொல்லப்போகிறார்.

கைபேசி அதிர்ந்தது. அவர்தான்.

"வாலு எங்க?"

"இங்கதான். என்னோட."

"இருட்டுற நேரத்துல அந்தக் கூடத்துலயா? வக்கீல்கிட்ட சொன்னா ரொம்ப சந்தோஷப்படுவார்."

"அவருக்கு சந்தோஷப்பட வேற ஒண்ணும் கெடைக்கலையா, பாவம்."

"நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. கிளம்பிட்டேன். வாசலுக்குக் கூட்டிட்டு வந்து விடு."

அவர் துண்டித்துவிட்டார். பொடியில் கிடந்த இரட்டைக் குதிகால்களை மிதிக்காமல், சுவரை ஒட்டி நடந்து அவள் கூடத்துக்குள் போனாள். சன்னல்களில் அந்திச் சாம்பல் நிறம் இறங்கிக்கொண்டிருந்தது. வரிசையாக அடுக்கிய தாடை எலும்புகளும், நெற்றி சரிந்த மண்டையோடுகளும் அலமாரிக் கண்ணாடிக்குள் மங்கின. வெளியே ஒரு துளி மழையில்லை. ஆயினும் நனைந்த அடுப்புச் சாம்பலின் புளித்த மணம் கூடத்தில் நிறைந்திருந்தது.

மகள் பிரதியின்மேல் ஏறி நின்று, குழந்தைத் தடத்தில் தன் பாதத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்குடி. அப்பா வர்றார்."

"அச்சு அசல் என் சைஸு, பாரேன். ஏம்மா, நீ இன்னிக்கு ஒரு அடி வச்சா ரெண்டு சத்தம் கேக்குது?"

"எப்ப?"

"இப்பத்தான். உள்ள வந்தியே."

அவள் மகளின் கையைப் பற்றினாள். பையை எடுக்கவில்லை. விளக்கை அணைக்கவில்லை.

நடைகூடத்தை விட்டால் வெளியேற வேறு வழி கிடையாது. மங்கலான ஒற்றைக் குழல்விளக்கின் கீழே, பொடியின் மெத்தென்ற குளிர்ச்சி கணுக்கால்வரை ஏற, அவள் மகளைப் பக்கத்தில் நடத்திக்கொண்டு போனாள். அவள் அடிவைத்தாள்; பொடி நசுங்கியது. அவள் காலை எடுத்தாள். எடுத்த இடத்திலேயே பொடி மறுபடியும், இன்னும் கனமாக நசுங்கியது. வேகமாக நடந்தாள். அதுவும் வேகமாயிற்று. சட்டென்று நின்றாள்.

பின்னால் ஓரடி விழுந்தது. பிறகு நின்றது.

"நிக்காதம்மா," என்றாள் மகள், மிகவும் மெதுவாக.

சாம்பல் மணம் பிடரியில் சூடாகப் பட்டது. மூச்சு. பெரிய மூச்சு. வாயால் விடும் மூச்சு.

விளக்கு அணைந்தது.

வியர்த்த சிறுகை அவள் கையிலிருந்து நழுவியது. ஒரு கணந்தான். அவள் குனிந்து இருட்டில் இரு கைகளையும் நீட்டினாள்.

"வா, தூக்கிக்கறேன். வாடி."

வந்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டது. தோளில் முகம் புதைத்தது. அவள் வாரியெடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். திரும்பவில்லை. திரும்பினால் கால் தடுமாறும். தடுமாறினால் கை தளரும். கை தளரக் கூடாது. யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், எந்த வக்கீல் வேண்டுமானாலும் பேசட்டும். பிள்ளை கையில் இருக்கிறாள். கனக்கிறாள். கனக்கட்டும்.

பின்னால் சத்தமில்லை.

எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாசல் கண்ணாடிக்கு அப்பால் கார் வந்து நின்றது. முன்விளக்குகளின் வெளிச்சம் நடைகூடத்தின் கடைசிவரை நீண்டது. அவள் கதவைத் தோளால் தள்ளினாள். தள்ளிய பிறகு, காப்பாற்றிவிட்ட துணிவில், திரும்பிப் பார்த்தாள்.

பொடியில் எல்லாம் எழுதியிருந்தது. மகளின் சிறுதடம் பாதியில் நின்றிருந்தது. அதுவரை அவள் தடத்தைச் சுற்றி வந்த அகலத் தடம் அந்த இடத்தில் விலகித் திரும்பியிருந்தது. விரல்கள் கூடத்தை நோக்கி இருந்தன. தரையின் சிமெண்டு தெரியும் அளவுக்கு ஆழமாக, சுமையோடு, இருட்டுக்குள் திரும்பிப் போயிருந்தது.

அங்கிருந்து வாசல்வரை அவளுடைய தடம் மட்டும். ஒற்றையாக. மேலோட்டமாக. வெறுங்கையோடு நடக்கும் ஒரு பெண்ணின் தடம். அளக்க வேண்டிய தேவையே இல்லை.

கல்லில் நடந்தவளும், பிள்ளை என்று நம்பி, கைநிறையத்தான் நடந்திருக்கிறாள்.

காரிலிருந்து இறங்கிய அவர், ஏதோ குத்தலாகச் சொல்ல வாயெடுத்தபடி படியேறினார். அவள் தோளைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது. ஒரு படி கீழே இறங்கினார். இன்னொரு படி.

அவள் கைகளில் இருந்தது கழுத்தை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டது. தோளில் சாய்ந்திருந்த தலை, மெல்ல, நிமிர்ந்தது.