பாலைவனத்துக்குப் போன கட்டில்

அம்மை போட்ட பிள்ளையைத் திட்டக் கூடாது. அடிக்கக் கூடாது. அது எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். இந்தச் சட்டத்தை என் தம்பி செங்குட்டுவன் முதல் நாளே தெரிந்துகொண்டான். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"அம்மா, எளநி."

வந்தது.

"அம்மா, அக்காவோட கலர் பென்சில்."

என் கையிலிருந்து போனது.

"அம்மா, அக்காவப் பாடச் சொல்லு."

"பாடு எழிலு," என்றார் அம்மா. "அவனா கேக்கறான்? அவன் மேல வந்திருக்கற ஆத்தா கேக்கறா."

ஆத்தாவுக்குக் கலர் பென்சில் எதற்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் எனக்குத்தான் விழும். பேசாமல் பாடினேன்.

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அதைப் பார்த்தால் எங்கள் பிளாக்கில் யாரும் உள்ளே வர மாட்டார்கள். வீட்டில் தாளிக்கக் கூடாது என்பதால் காலையில் கூழ், மத்தியானம் தயிர்ச்சோறு, ராத்திரி மறுபடியும் தயிர்ச்சோறு. அம்மை அவனுக்கு, பத்தியம் எனக்கு! இரண்டாம் வகுப்பிலேயே எனக்கு அம்மை போட்டுவிட்டதால், அவன் சொறியாமல் கையைப் பிடித்துக்கொள்ளும் வேலையும் எனக்குத்தான்.

இதெல்லாம் போகட்டும். இந்த அம்மைக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா? நாங்கள் ரயில் ஏற வேண்டிய அன்று காலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்கள் அப்பா தனகோட்டிக்கு நெய்வேலி மைன்ஸில்தான் வேலை. போன ஆடி மாதம் அவரை ராஜஸ்தானில் இருக்கும் மைன்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அரைப்பரீட்சை லீவில் நாங்கள் அங்கே போவதாக ஏற்பாடு. அங்கே பாலைவனத் தேசியப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. பூங்கா என்றால் ஊஞ்சலும் சறுக்கு மரமும் இல்லை. மைல் கணக்கில் மணல், முள்செடி, மான், நரி, பறவை.

"கார்லயே சுத்தலாம்டா," என்று அப்பா போனில் சொல்லியிருந்தார். "போன்ல ஒரு வழிகாட்டி இருக்குது. நாம போவப் போவ, எந்த எடத்துல என்ன இருக்குதுன்னு அதுவே பேசும்."

"தமிழ்லயா?" என்று கேட்டான் தம்பி.

"இல்லடா. இந்தி, இங்கிலீஷு."

"பரவால்ல. நீ எனக்குத் தமிழ்ல சொல்லு."

ஐந்து மாதமாக அப்பாவைப் பார்க்காத பையன். ஒரு வாரம் முன்பே பையைக் கட்டிவிட்டான். கடைசியில் முகமெல்லாம் கொப்புளம், டிக்கெட் கேன்சல்.

"அப்ப நீ வா," என்றான் போனில்.

"லீவு நாலு நாளுதான்டா குட்டுவா. ரயில்ல வந்து சேரவே மூணு நாளு ஆவும்."

"வரேன்னு சொல்லு!"

"எப்படிடா சொல்லுவேன்?"

"போ! உன்னோட காய்!" என்று சுண்டுவிரலைக் காட்டினான். போனில் விரல் தெரியாது என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அதோடு சரி. அப்புறம் அப்பா எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவன் போனைத் தொடவே இல்லை.

எங்கள் அப்பாவுக்கு அதிகம் பேச வராது. தினமும் ஷிப்ட் முடிந்ததும் போன் செய்வார். சாப்ட்டியா, படிச்சியா என்று கேட்பார். அவ்வளவுதான் அவரிடம் சரக்கு. இப்போது புதிதாக ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது.

"குட்டுவன் பேசறானாம்மா?"

"தூங்கறான்பா."

"இந்நேரத்துலயா?"

தம்பி எதிரிலேயே உட்கார்ந்து திராட்சை தின்றுகொண்டிருந்தான். எனக்கு அவனைப் பார்க்கக் கோபமாக வந்தது. அப்பாவின் குரல் சின்னதாகிவிட்டதே, அதைக் கேட்க அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? எங்கள் குரல் மட்டும்தானே? எனக்கும் அழுகை வந்தது. அவனுக்காவது அம்மை, அழுதால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் என்ன சாக்குச் சொல்லி அழுவது?

மறுநாள் காலையில் தம்பி அடுத்த உத்தரவைப் போட்டான்.

"அம்மா, பாலைவனத்துக்குப் போவணும்."

"ஆவட்டும் சாமி. தண்ணி ஊத்தி முடியட்டும், போவலாம்."

"இப்பவே போவணும்."

இளநீரை வாங்கிவிடலாம். பாலைவனத்தை எங்கே வாங்குவது? இல்லை என்று சொல்லவும் கூடாது. அம்மா கையில் வேப்பிலையோடு அப்படியே நின்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். வீட்டில் வழி தெரியாத விஷயமெல்லாம் கடைசியில் என் தலையில்தான் வந்து விழும்.

போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனேன்.

"அப்பா, உனக்கு லீவு நாளைக்குத்தான ஆரம்பிக்குது?"

"ஆமாம்மா. கேன்சல் பண்ணிடலாம்னு இருக்கறேன்."

"காரு?"

"கூட வேல செய்யற ராஜாங்கம் தரேன்னாரு. நீங்களே வரல, நான் மட்டும் தனியா ஓட்டிகினு போயி என்ன பண்றது?"

"போப்பா. நாங்களும் வண்டியில இருக்கற மாதிரி நெனச்சிகினு பேசிகினே போ. அத ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. அந்த வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாதுல்ல? நீதான் எங்களுக்கு வழிகாட்டி."

"அய்யய்யே, எனக்கு அதெல்லாம் வராதும்மா."

"குட்டுவன் பாலைவனம் கேக்கறான்பா. அம்மை போட்ட புள்ள."

"சரி, பாக்கறேன்," என்றார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் பூங்கா வாசலிலிருந்து முதல் பதிவு வந்தது. நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்டுப் பார்த்தேன்.

"ம். இது மணல். அந்தப் பக்கம்... அதுவும் மணல்தான். ம். அவ்வளவுதான்."

தலையில் அடித்துக்கொண்டேன். உடனே நான் பேசி அனுப்பினேன். "அப்பா! பாலைவனத்துல மணல் இருக்கும்னு எங்களுக்கும் தெரியும்! அம்மா உன் பக்கத்துல உக்காந்திருக்காங்க. நாங்க ரெண்டு பேரும் பின்னாடி. இப்ப எங்ககிட்ட பேசு!"

அதற்குப் பதிலே வரவில்லை. உள்ளே சிக்னல் இருக்காது என்று முன்பே சொல்லியிருந்தார். சாயங்காலம்தான் போன் 'டிங்' என்றது. பதிவு நீளமாக இருந்தது. இந்தத் தடவை நான் தனியாகக் கேட்கவில்லை.

"குட்டுவா, கெளம்பு. பாலைவனத்துக்குக் காரு வந்துட்டுது."

"எங்க?"

"நீ உக்காந்திருக்கறதுதான் காரு."

கட்டிலின் முன்பக்கம் இரண்டு தலையணை வைத்தேன். ஒன்றில் அம்மாவை உட்கார வைத்தேன். "எனக்கு அடுப்புல வேல கெடக்குதுடி," என்று சொல்லிக்கொண்டே அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு ஏறினார். இன்னொரு தலையணையில் போனை வைத்தேன். அது டிரைவர் சீட்டு.

"அவரோட நான் காய்," என்றான் தம்பி. "ஆனா வண்டியில வருவேன்."

"சரி, வா."

மின்விசிறியைப் போட்டேன். பதிவைத் தட்டினேன். கட்டில் கிளம்பியது.

"எல்லாரும் ஏறிட்டீங்களா? எழிலு, உன் பக்கத்துக் கதவு சரியா சாத்தல பாரு."

நான் சட்டென்று கதவைச் சாத்தினேன். தம்பி என்னை ஒருமாதிரி பார்த்தான்.

"செவ்வந்தி, வெயிலு அடிக்குது. முந்தானையப் போட்டுக்க." அம்மா நிஜமாகவே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "குட்டுவா, சன்னல் வழியா கைய நீட்டாத. ரோட்டு மேலயே மணல் ஏறிக் கெடக்குது, வண்டி கொஞ்சம் ஆடும்."

நான் கட்டிலை ஆட்டினேன். தம்பி சிரித்துவிட்டான். ஐந்து நாளில் அன்றைக்குத்தான் சிரித்தான்.

எங்கள் அப்பாவா இது? பேசிக்கொண்டே போனார். "இடது பக்கம் பாருங்க, வன்னி மரம். நம்ம விருத்தாசலம் கோயில்ல இருக்குதே, அதே மரம். எம்மாந்தூரம் வந்து நிக்குது பாத்தீங்களா? தண்ணியே இல்லாம பச்சையா இருக்குது." கொஞ்ச தூரம் போனதும், "இந்தா, மானு! ஒண்ணு, ரெண்டு... பொடிசு ஒண்ணு பின்னாடி ஓடுது. அம்மாக்காரி நின்னு திரும்பிப் பாக்கறா பாரு." இன்னோர் இடத்தில் வண்டியை நிறுத்தி, "இது மரம்னு நெனப்பீங்க. இல்ல, கல்லு. அந்தக் காலத்து மரம் மண்ணுல பொதைஞ்சி கல்லாயிட்டுதாம். நம்ம ஊரு மைன்ஸ்ல கரியாச்சி, இங்க கல்லாச்சி," என்றார்.

"தொட்டுப் பாக்கலாமா?" என்று தம்பி என் காதில் கேட்டான்.

"தொட்டுப் பாரு."

கட்டில் சட்டத்தைத் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டான்.

"இப்ப சத்தம் போடாதீங்க," என்றது அப்பாவின் குரல். "இங்கதான் கானமயில் வருமாம். ஒசரமான பறவை, குட்டுவன் ஒசரம் இருக்கும். உலகத்துலயே ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்குதாம். காத்திருந்து பாப்போம்."

காத்திருந்தோம். போனில் காற்று மட்டும் வீசியது. எங்கோ ஒரு ஆடு கத்தியது. தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்தான். நாள் முழுக்க நான் பிடித்துப் பிடித்து வைக்கும் அந்தக் கை, தானாகவே மடியில் சும்மா இருந்தது. ஒரு தடவைகூடச் சொறியவில்லை.

காற்று வீசிக்கொண்டே இருந்தது. அப்பா இருமினார். அப்புறம் மெல்லப் பேசினார்.

"வரலம்மா. என்ன பண்றது, அதுக்கு என்ன வேலையோ." கொஞ்சம் நிறுத்தினார். "குட்டுவா, ஏமாந்துட்டியா? அப்பாவும் உன்ன ஏமாத்திட்டேன்ல. இட்டுகினு போறேன்னு சொல்லிட்டு இப்படி ஆயிட்டுது. அப்பா மேல கோவமா?"

"இல்லப்பா!" என்று தம்பி கத்தினான்.

போனில் காற்று வீசியது.

"பேச மாட்டியா?" என்றார் அப்பா.

"இல்லன்னு சொன்னேன்ல! கோவம் இல்லப்பா!"

"சரி, பரவால்ல விடு," என்றது அந்தக் குரல். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பதிவு முடிந்துவிட்டது.

தம்பியின் முகம் அப்படியே கோணிக்கொண்டு போனது. "அக்கா, நான் சொன்னது அப்பாவுக்குக் கேக்கலியா?"

"இது ரெக்கார்டுடா. அப்பா காலையிலயே பேசிட்டாரு."

"காலையிலயா? அப்ப காலையிலேந்து அப்பா நான் பேசலன்னு நெனச்சிகினு இருக்காரா?" துள்ளி எழுந்தான். "போன் போடு! போடுக்கா, சீக்கிரம்!"

போட்டேன். மணி அடித்த உடனே அப்பா எடுத்துவிட்டார். நான் பேசுவதற்குள் தம்பி போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"அப்பா! பழம்! பழம்பா! நான் வண்டியிலேயே சொன்னேன், உனக்குத்தான் கேக்கல. கல்லு மரத்தத் தொட்டேன். கானமயில் வரலன்னா என்ன, நாம இன்னொரு நாளு காத்திருப்போம். அப்பா? ஏம்பா பேச மாட்டங்கற?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்தவர், எழுந்த இடத்திலேயே நின்றார்.

"வண்டி ஓட்டி ஓட்டிக் களச்சிட்டியாப்பா?" என்றான் தம்பி. "வண்டி நம்ம வூட்டு வாசல்ல நின்னுட்டுது. நாங்க எறங்கிட்டோம். நீயும் எறங்கி உள்ள வா."



"பொங்கலுக்கு வரேன்டா," என்றார் அப்பா. "கதவத் தொறந்து வையி."

பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தம்பி கட்டிலை விட்டு இறங்கி, தட்டுத் தடுமாறி நடந்து போய், வாசல் கதவை அப்போதே அகலத் திறந்து வைத்தான். அதைச் சாத்தச் சொல்லி அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.