ஏழாவது சிலிண்டர்

“நாப்பதாயிரம் டாலரா!”

கராஜின் தகரக் கூரை அதிரும்படி அலறினான் டுவைட் ஹென்லி.

“மனசாட்சி இருக்காம்மா உங்களுக்கு? இந்தப் பழைய இரும்புக்கா?”

“பழைய இரும்பா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது மாடல் ஹெமி எஞ்சின், தம்பி. வாய் கூசாமப் பேசறியே!”

மாவிஸ் டெக்கர் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வயது அறுபத்து மூன்று. மிச்சிகன் மாநிலத்தில், ஃப்ளின்ட் ஊருக்கு வெளியே சோளக்காடு பார்த்த வீடு. பகல் பதினொரு மணி. கராஜின் நடுவே, எஞ்சின் கிரேனின் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது அது.

எண்ணூறு பவுண்டு எடை. ஆரஞ்சு நிறம். எட்டு சிலிண்டர்.

அவள் மகன் ரஸ்ஸலின் எஞ்சின்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவன் தலையில் சுட்டு, சோளக்காட்டில் தள்ளிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போனான் எவனோ ஒருவன். கார் எரிந்த கூடாகக் கிடைத்தது. எஞ்சின் மட்டும் இல்லை.

போலீஸ் கையை விரித்தது.

மாவிஸ் விரிக்கவில்லை!

சந்தை சந்தையாக அலைந்தாள். பழைய எஞ்சின் எங்கே விற்றாலும் குனிந்து, எஞ்சின் உடம்பான பிளாக்கில் அடித்திருக்கும் கார் நம்பரைப் படித்தாள். போன வருடம் இண்டியானாவில் கிடைத்தது. மகனின் நம்பர்! நிலத்தை விற்று வாங்கி வந்தாள்.

நாலு கை மாறிய எஞ்சின். மூன்று பேரைத் தேடிப் பிடித்துவிட்டாள். திறக்காமலேயே வாங்கி, திறக்காமலேயே விற்றதாக மூவருமே சொன்னார்கள். முதல் கை மட்டும் யாரென்று தெரியவில்லை.

மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது ஏழாவது சிலிண்டருக்குள் ஒரு ஸ்லீவ், தேய்ந்த சிலிண்டரைச் சரிசெய்ய இறக்கும் இரும்புக் குழாய். ரஸ்ஸல் அதைப் போடவில்லை. அவன் எஞ்சினைப் பூட்டியபோது விளக்குப் பிடித்தவளே அவள்தான்.

அப்படியானால் ஸ்லீவ் போட்டவன்...

முதல் கை!

மறுபடி மூடினாள். பெயின்ட் அடித்தாள். விற்பனைக்கு என்று, நம்பரோடு விளம்பரம் கொடுத்தாள். இதுவரை ஒன்பது பேர் வந்து விலை பேசிவிட்டார்கள். ஒருவனும் ஏழாவது சிலிண்டர் பற்றி வாய் திறக்கவில்லை.

டுவைட் பத்தாவது ஆள்.

டார்ச்சைப் பிளாக்கில் அடித்தான். “நம்பர் ஒரிஜினல்தான். ஆனா நம்பருக்கு விலை எப்போம்மா? அதே நம்பர் கார் இருந்தாத்தானே? கார் எங்க?”

“எரிஞ்சு போச்சு.”

“அப்ப நம்பரை வெச்சு நாக்கு வழிக்கவா?” கடகடவென்று சிரித்தான். “ஓட்டினவன் எங்க?”

“செத்துப் போயிட்டான்.”

“கொடுத்து வெச்சவன். உங்ககூட விலை பேச வேண்டியதில்ல!”

 மாவிஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவன் கிராங்க் அச்சில் நீளக் கம்பியை மாட்டிச் சுற்றினான். வெண்ணெய் மாதிரி சுற்றியது. முகத்தைச் சுளித்துக்கொண்டான், விலை குறைக்க.

“டைட்டா இருக்கு. பத்தாயிரம் கழிங்க.”

“பொய் சொல்லாதே, தம்பி. முப்பத்தெட்டு.”

“பதினஞ்சு கழிங்க!”

“கிளம்பு. அடுத்த ஆள் ரெண்டு மணிக்கு வரான்.”

டுவைட் உதட்டை நக்கினான். இடுப்பில் கை வைத்தான். கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

“ஏம்மா, விவரம் தெரியாத ஆள்னு நெனைச்சீங்களா என்னை? ஏழாவது சிலிண்டர்ல ஸ்லீவ் போட்டிருக்கே... அதை மறைச்சு விக்கறீங்களே, நியாயமா?”

மாவிஸ் சட்டென்று நிமிர்ந்தாள்.

ஹெட்டை அவன் தொடவில்லை... ஒரு பிளக்கைக்கூடக் கழற்றவில்லை!

“உனக்கு... எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

“யாராவது சொன்னாங்களா, தம்பி?”

“எனக்கு எவன் சொல்லணும்?”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. யாரும் சொல்லல?”

“சத்தியமா இல்லம்மா! இதைப் போட்டவனே நான்தான்னு வெச்சுக்குங்க. இந்தக் கையால எத்தனை ஸ்லீவ் இறக்கியிருக்கேன்!”

அந்தக் கையைப் பார்த்தாள் மாவிஸ். மோதிர விரலில் கிரீஸ். இந்தக் கைதானா? இந்தக் கையேதானா?

பதினோரு வருடமாகத் தூங்காத பெண், அந்த நிமிடம் சாந்தமாகிவிட்டாள்.

“கெட்டிக்காரன்பா நீ. மாட்டிக்கிட்டேன். உன்கிட்ட மறைப்பானேன்... அடியில ஆயில் தேங்கற சம்ப்லகூட ஒரு ஒட்டு இருக்கு. அதையும் பாத்துக் கழிச்சுக்கோ.”

“அட்றா சக்கை!”

தொங்கும் எஞ்சினுக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. மெக்கானிக் வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது. ஆனால் இன்னொரு குறை கிடைக்கிறது என்றால் எந்த வியாபாரிக்குப் பாடம் ஞாபகம் இருக்கும்? செல்போனை மேசையில் வைத்தான். சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்தான். உள்ளே உருண்டான்.

“ஒட்டு எங்கம்மா? காணோமே...”

“இன்னும் கொஞ்சம் உள்ளே, தம்பி.”

“இங்கயா?”

“ஆங்... அங்கதான். ரஸ்ஸல் டெக்கர்னு ஒரு பையன்... ஞாபகம் இருக்கா?”

“யாரு?”

கிரேனின் வால்வைத் திருகினாள்.

எண்ணூறு பவுண்டு விருட்டென்று இறங்கியது.

அலறக்கூட நேரம் கொடுக்கவில்லை!

கராஜில் நிசப்தம். மாவிஸ் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது சந்தோஷம். வெட்கமில்லாத, முழு சந்தோஷம்.

ட்ரிங்...! ட்ரிங்...!

மேசையில் அவன் செல்போன். திரையில் ‘முதலாளி ராய்’. எடுத்துக் காதில் வைத்தாள்.

“டேய் டுவைட்! என்னடா ஆச்சு? கிழவி மசிஞ்சாளா?”

மாவிஸ் செல்போனைக் காதோடு அழுத்தினாள்.

“ஏழாவது சிலிண்டர் விஷயத்தைப் போட்டு உடைச்சியா இல்லையா? அடிச்சுச் சொல்லுடா. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நானே என் கையால இறக்கின ஸ்லீவ், பொய்யாகாது! ஆனா என் பேரை மட்டும் மூச்சு விட்றாதே. அனுப்பினவன் ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சா விலையை ஏத்திடுவாங்க. எவன் கேட்டாலும் ‘நானே கண்டுபிடிச்சேன்’னு சொல்லணும். தொழில்ல அதான்டா முதல் பாடம்...”

மாவிஸ் பலகையைப் பார்த்தாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தன இரண்டு பூட்ஸ்கள்.

அடப்பாவி... மூன்று தடவை கேட்டேனே! ஒரு தடவை உண்மையைச் சொல்லியிருந்தால் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாயே!

  அந்த நினைப்பும் ஒரே ஒரு நிமிடம்தான்.

கிரேன் வால்வை இறுக்கி மூடினாள். கைப்பிடியை அழுத்தி அழுத்தி, எஞ்சினை மறுபடி மேலே ஏற்றத் தொடங்கினாள்.

“ராய் சார்ங்களா? எஞ்சின்காரம்மா பேசறேன். உங்க ஆளு கொஞ்சம் அசந்து படுத்திருக்காரு. நீங்களே வந்து பாத்து எடுத்துக்கிட்டுப் போங்களேன்.”

மறுமுனை உஷாரானது. “நான் எங்கேயும் நேர்ல வர்றதில்லம்மா. ஆளைத்தான் அனுப்புவேன்.”

“நேர்ல வந்தா பாதி விலை, சார்.”

 மறுமுனையில் எச்சில் விழுங்கும் சத்தம்.

“பாதியா? ஏம்மா... திடீர்னு அவ்வளவு கம்மி?”

மாவிஸ் ஆயில் சம்ப்பைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“அடியில லேசா நசுங்கிடுச்சு, சார்... அதைக் கழிச்சுட்டுத்தான் சொல்றேன்!”