பதிமூன்றே போதும்

சனிக்கிழமை, காலை 8.10.

வர்ஜில் டோபின் தன் பட்டறை மேசைக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். மூக்குக் கண்ணாடி நெற்றிமேல் ஏறியிருந்தது. ஏப்ரனின் நெஞ்சுப் பக்கம் ரத்தத்தில் நனைந்து கறுத்திருந்தது. அவருக்குக் காபி கொண்டுவந்த நடீன் ஸ்காக்ஸுக்கு, அந்தக் கோப்பையை எங்கே வைத்தோம் என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அமெரிக்காவின் ஐடஹோ மலையடிவாரத்துச் சின்ன ஊரில் துப்பாக்கி கிளப் என்றால் தேவாலயத்துக்கு அடுத்த இடம். நடீன் வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். சனிக்கிழமை கிளப்பில் காபி போடுவாள், வாளிகளில் சேரும் காலித் தோட்டா உறைகளை அளவுவாரியாகப் பிரிப்பாள். துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர் வர்ஜில். அன்று காலை அவர்களைத் தவிர அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர். நடீனின் தம்பி லோவெல், கிளப்பின் பாதுகாப்பு அதிகாரி மெர்ல் ஹாகன்.

8.45.

போலீஸ் டெபுடி கார்ல் பீச்சம் வந்தான். இருபது வருஷத்துக்கு முன் நடீனின் பேருந்தில் ஏறிப் பள்ளிக்குப் போனவன்.

"யாரும் எதையும் தொடலையே?"

"தொடல."

"குண்டுச் சத்தம் கேட்டுச்சா?"

"இது துப்பாக்கி கிளப்டா கார்ல். காலையில இருந்து அதைத்தான் கேட்டுட்டு இருக்கேன்."

மேசை ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. எதிர்ச்சுவர் அலமாரியில் புதைந்திருந்த குண்டைக் கார்ல் கத்தியால் நெம்பி எடுத்து அளந்து பார்த்தான். ஒன்பது மில்லி. மேசைமேல் திருகாணி, எண்ணெய்ப் புட்டி, நாற்பது அளவுத் தோட்டா இரண்டு. வர்ஜிலின் ஏப்ரன் பையில், தோட்டாக்களை அடுக்கிப் பிஸ்டலுக்குள் சொருகும் மேகசின் ஒன்று, காலியாக. துப்பாக்கி பழுது பார்ப்பவன் பையில் மேகசின் இல்லாமல் சீப்பா இருக்கும்? கார்ல் எல்லாவற்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில் போட்டான்.

அந்தக் கிளப்பில் இரண்டு கட்சி உண்டு. இடுப்பில் ஒன்பது மில்லி கட்டுகிறவர்கள் ஒரு பக்கம், நாற்பது கட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். ஒரே அளவுப் பிஸ்டல்தான். ஒன்பதுக்கு மேகசினில் பதினைந்து தோட்டா பிடிக்கும், அதைவிடத் தடித்த நாற்பதுக்கு, அதாவது அங்குலத்தில் நூற்றில் நாற்பதுக்கு, பதிமூன்று. நாற்பது கட்சிக்கு மெர்ல்தான் தலைவர். "பதிமூணே போதும், குறி தெரியாதவனுக்குத்தான் பதினஞ்சு வேணும்" என்று இருபது வருஷமாகச் சொல்லி வருகிறார். இடுப்பில் இருப்பது நிறைந்திருக்க வேண்டும், குறைந்த மேகசினோடு நடப்பவன் கோவணத்தோடு நடப்பவன் என்பதும் அவர் வாய்ச்சொல்தான்.

9.20.

கிளப் கூடத்தில் விசாரணை. இருந்த துப்பாக்கிகளையெல்லாம் கார்ல் மேசையில் பரப்பினான். நடீனின் கைப்பையில் சின்ன ரிவால்வர். லோவெலின் பிஸ்டல் ஒன்பது மில்லி, சுட்டுக் கரி படிந்திருந்தது. மெர்லுடையது நாற்பது, துடைத்து வைத்ததுபோல் சுத்தம்.

"மெர்ல், எங்க இருந்தீங்க?"

"வண்டியில. குளிருக்கு ஹீட்டர் போட்டு உக்காந்திருந்தேன்."

"லோவெல்?"

"மூணாவது மேடையில சுட்டுட்டு இருந்தேன்."

"அங்கிருந்து பட்டறை ஜன்னல் தெரியுமா?"

"தெரியும்."

மெர்ல் தொண்டையைச் செருமினார். "சொல்லக் கூடாதுதான். போன வாரம் இவன் கையில துப்பாக்கியோட பக்கவாட்டுல திரும்பிட்டான். வர்ஜில் அப்பவே சத்தம் போட்டார். நானும் சொன்னேன். சுவத்துல எழுதி வச்சிருக்கேனே, குழலை எப்பவும் இலக்குப் பக்கம் பிடின்னு."

லோவெலின் முகம் வெளுத்தது. "இன்னிக்குமா திரும்பினேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டான். "ஒரு தடவை பின்னால ஏதோ சத்தம் கேட்டு... திரும்பினேனா அக்கா? சுட்டுட்டுத் திரும்பினேனா, திரும்பிச் சுட்டேனா? எனக்கே தெரியலையே!"

நடீனுக்குத் தம்பியைத் தெரியும். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போகிறவன் அவன். இன்னும் இரண்டு பேர் அழுத்திச் சொன்னால், செய்யாததையும் செய்தேன் என்பான்.

"வாக்குமூலமா எழுதிக் கொடுத்துடு லோவெல்" என்றான் கார்ல், கொஞ்சம் இரக்கத்தோடுதான். "கை தவறிப் பட்டதுன்னா கோர்ட்டு வேற மாதிரி பார்க்கும். லேப்புல இருந்து பதில் வர ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் உன்னை உள்ளதான் வைக்கணும்."

"கார்ல், அவன் குழம்பிப் போயிருக்கான்டா."

"நான் மட்டும் தெளிவா இருக்கேனா நடீன்? ஒம்பது மில்லி குண்டு. இங்க ஒம்பது மில்லி ஒண்ணுதான் இருக்கு. வேற என்னன்னு நினைக்கச் சொல்றீங்க?"

நடீன் கெட்டிலை எடுத்தாள். வேறென்ன செய்வது என்று தெரியாமல் காபி ஊற்றினாள். மெர்ல் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, மறுபடியும் நீட்டினார். "நல்லா இருக்கு" என்றார். அவருடைய பச்சை பிளாஸ்க் முழங்காலுக்கு நடுவே இருந்தது.

10.05.

லோவெல் எழுதத் தொடங்கினான். 'எனக்குச் சரியாக நினைவில்லை, ஆனால் என் குண்டாகத்தான் இருக்க வேண்டும்' என்பது முதல் வரி.

கார்ல் மறுபக்கம் உட்கார்ந்து பைகளுக்குப் பட்டியல் போட்டான். எழுதும்போது வாய்விட்டுப் படிப்பது பள்ளிக்கூடத்திலிருந்தே அவன் வழக்கம்.

"ஹாகன் பிஸ்டல். அளவு நாப்பது. குழல் நாப்பது. மேகசின் ஒண்ணு, உள்ள பதினொரு தோட்டா."

நடீனின் கை காபிக் கெட்டிலின்மேல் நின்றது. பதினொன்றா? மெர்லா?

ஏதோ உறுத்தியது, என்னவென்றுதான் பிடிபடவில்லை. மேசைக்கு அருகே போய்ப் பையைப் பார்த்தாள். மேகசினின் முதுகில் சின்னச் சின்ன ஓட்டைகள், பக்கத்தில் எண்கள். உள்ளே எத்தனை இருக்கிறது என்று பார்க்கத்தான் அவை. கடைசி எண்ணைப் படித்தாள். வர்ஜிலின் ஏப்ரனில் கிடைத்த மேகசினையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெர்லின் முழங்காலைப் பார்த்தாள். மூன்றும் சேர்ந்து வந்து தலையில் கொட்டின.

"லோவெல், பேனாவைக் கீழ வை."

"அக்கா..."

"வைடாங்கறேன்!"

10.20.

"கார்ல், அந்த மேகசின்ல கடைசி நம்பர் என்ன?"

"பதினஞ்சு."

"நாப்பதுல எத்தனை பிடிக்கும்?"

"பதிமூ..." கார்ல் நிறுத்திக்கொண்டான்.

"உன் கையில இருக்கிறது ஒம்பது மில்லி மேகசின். அதுக்குள்ள நாப்பதைத் திணிச்சிருக்கு. தடிச்ச தோட்டா, பதினொண்ணுக்கு மேல ஏறல. ஏறாத ரெண்டும் வர்ஜில் மேசையில கிடந்துச்சு. கூட்டிப் பாரு. இவரோட நாப்பது மேகசின் எங்கன்னு கேட்டா, வர்ஜில் ஏப்ரனுக்குள்ள. அதுல கடைசி நம்பர் பதிமூணு. ரத்தத்துக்குள்ள கையை விட்டு எடுக்க இவருக்கு மனசு வரல."

மெர்லின் முழங்கால்கள் பிளாஸ்க்கை இறுக்கின.

"நீங்க ஒம்பதுக்கு மாறிட்டீங்க மெர்ல். அதே பிஸ்டல், குழலும் மேகசினும் மட்டும் வேற. போன வாரம் முதல் மேடை வாளியில ஒம்பது மில்லி உறை ரெண்டு கை நிறைய அள்ளினேன். அந்த மேடையில உங்களைத் தவிர யாரும் நிக்கறதில்ல. யாரோ விளையாடியிருக்காங்கன்னு நினைச்சேன். பாகம் மாத்தின துப்பாக்கியில எரநூறு குண்டு சிக்காம சுட்டாத்தான் இடுப்புல கட்டலாம்னு வர்ஜில் சொல்லுவாரே, அந்தக் கணக்குத்தானே?"

"குழல் நாப்பதுதானே இருந்துச்சு நடீன்?" என்றான் கார்ல்.

"பழசு மேசையில இருந்திருக்கும். மாத்திப் போட ஒரு நிமிஷம் போதும். புதுக் குழல் எங்கன்னு கேளு. என் காபியை இவர் சாக்கடைத் தண்ணின்னுதான் சொல்லுவார், சொந்தப் பிளாஸ்க்கை விட்டு வேற குடிச்சதில்ல. இன்னிக்கு ரெண்டு கோப்பை குடிச்சாரு, நல்லா இருக்குன்னு வேற சொன்னாரு. அந்தப் பிளாஸ்க்கைத் திற."

கார்ல் கையை நீட்டினான். மெர்ல் தரவில்லை, தடுக்கவுமில்லை. மூடியைத் திருகிக் கவிழ்த்தபோது காபி கொஞ்சம் வந்தது. பிறகு நாலு அங்குல இரும்புக் குழல் மேசையில் விழுந்து உருண்டது.

"மணிக்கட்டு போச்சு" என்றார் மெர்ல், யாரையும் பார்க்காமல். "நாப்பது உதைக்கிற உதையில ராத்திரியெல்லாம் வலி. யார்கிட்டயும் சொல்லாத வர்ஜில்னு கெஞ்சினேன். அவனும் சொல்லல. குழல் போதாது, ஸ்பிரிங்கையும் மாத்தணும்னான். நான்தான் கேக்கல. நூத்தி எண்பத்தாறு வரைக்கும் ஓடிச்சு. இன்னிக்கு லோவெல் வர்றதுக்கு முந்தி சுட்டப்ப அடுத்தது சிக்கிச்சு. உள்ள கொண்டுபோய், இங்க பாரு வர்ஜில்னு..."

அவர் கை தானாகவே திரும்பிக் காட்டியது. இலக்குப் பக்கம் அல்ல, எதிரில் நிற்கிறவன் நெஞ்சுப் பக்கம். சுவரில் அவரே எழுதிய பலகை அவர் தலைக்கு நேர் மேலே தொங்கியது.

"நீங்க அப்பவே கத்தியிருந்தா நாங்க ஓடி வந்திருப்போமே" என்றாள் நடீன். "கை தவறினது ஒண்ணு. என் தம்பி கையில பேனாவைக் கொடுத்துட்டு உக்காந்திருந்தது கை தவறி இல்ல மெர்ல்."

கார்ல் விலங்கை எடுத்தான்.

10.50.

வண்டி கிளம்பிப் போனது. லோவெல் அந்தத் தாளை எட்டாக மடித்துக் கையில் வைத்திருந்தான். வெளியே படியில் உட்கார்ந்து மூன்றாவது மேடையையும் ஜன்னலையும் மாறிமாறிப் பார்த்தான்.

"என் குண்டு இல்லையா அக்கா?"

"இல்லடா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

தாளை அவள் பிடுங்கி, வாசலுக்கு உள்ளே எரிந்த அடுப்பில் போட்டாள். அது எரிந்து முடிவதற்குள் லோவெல் இன்னொரு தடவை கேட்டான்.